ஆன் பண்றது எல்லாம் ஒரு மேட்டரா?

ராஸ்பெர்ரி பை வாங்கின எல்லாரும் முதல்ல செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ரெண்டு ஜம்பர் வயர், நாலு வரி பைத்தான். லைட் எரியும். உடனே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போடணும். அத்தை ஒரு கைகூப்பும் பொம்மை அனுப்புவாங்க. அப்புறம் ஒரு நொடி எரிஞ்சு ஒரு நொடி அணையற மாதிரி நிரலை மாத்தி, அதை வீடியோ எடுக்கணும். அதோட அந்த போர்டு அலமாரிக்குள்ள பழைய சார்ஜர்களோட ஐக்கியமாயிடும்.

வழிகாட்டி எழுதறவங்களும் வீடியோ போடறவங்களும் பெரும்பாலும் அங்கேயே நின்னுடறாங்க. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் இதே கதைதான். கொஞ்சம் தாராள மனசுக்காரங்க எல்இடி இருந்த இடத்துல ஒரு ரிலேவை மாட்டி, "இதே மாதிரி ஃபேன், மோட்டார் எதை வேணும்னாலும் ஓட்டலாம்"னு சொல்லிட்டு நன்றி வணக்கம் போட்டுடறாங்க. என் சண்டை அந்த "இதே மாதிரி"யோடதான்.

அது இதே மாதிரி இல்லைங்க. எல்இடி அணையாம எரிஞ்சா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. மோட்டார் அணையாம ஓடினா முழுகும், நிஜமாவே. ஆன் பண்ண நாலு வரி போதும். எந்த நிலைமையிலயும் ஆஃப் ஆகும்னு சொல்லத்தான் நிறைய வேலை இருக்கு. அந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கவே மாட்டேங்கறாங்க.

இங்க எழுதற, படிக்கற மக்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி பொட்டி தட்டறவங்கன்னு தெரியும். மீதிப் பேருக்காக, பின் அப்படின்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

பையோட ஒரு ஓரத்துல ரெண்டு வரிசையா 40 ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். (2012 பிப்ரவரி 29-ல வந்த முதல் மாடல்ல 26 தான். 2014-ல பி பிளஸ் வந்தப்ப 40 ஆச்சு.) அதுல ரெண்டு 5 வோல்ட், ரெண்டு 3.3 வோல்ட், எட்டு கிரவுண்ட். மிச்சம் 28 தான் நம்ம சொல்பேச்சு கேக்கற ஜிபிஐஓ. நிரல்ல "ஆன்"னு சொன்னா அந்த ஊசியில 3.3 வோல்ட் வரும், "ஆஃப்"னா 0. இல்லைன்னா காதைக் கொடுத்துக் கேளுன்னு சொல்லலாம், அப்ப வெளியிலேர்ந்து வர்றது 1-ஆ 0-வான்னு நமக்குச் சொல்லும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

நம்பர்லதான் ஒரு சின்னக் கூத்து. சென்னையில வீட்டுக் கதவுல பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு பலகை மாட்டியிருப்பாங்க இல்லையா, அந்தக் கதை. போர்டுல எண்ணிப் பாத்தா 11-வது ஊசி, சிப்போட கணக்குல 17, வயரிங்பைங்கற லைப்ரரியோட கணக்குல 0. மூணும் ஒரே ஊசி. ஒரு பக்கத்துலேர்ந்து படத்தையும் இன்னொரு பக்கத்துலேர்ந்து நிரலையும் சுட்டு ஒட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க :-)

நிற்க. பைத்தான் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இந்தப் பேச்சை எடுத்தாலே எலக்ட்ரானிக்ஸ் பெரியவர் யாராவது ஒருத்தர் வந்து, "இதுக்குத்தான் சொல்றது, பின்னைத் தொடணும்னா சி-யில தொடணும், ரெஜிஸ்டர் தெரியாதவன்லாம் இன்ஜினியரா?"ன்னு ஆரம்பிச்சுடுவார். நானும் ஈசிஇ படிச்சவன்தான். லேப்ல 8086, 8051 கிட் முன்னாடி உக்காந்து ஹெக்ஸ் எண்ணா தட்டித் தட்டி ரெண்டு எண்ணைக் கூட்டி விடை பாத்தவன்தான். அதுல என்ன கத்துக்கிட்டோம்? ரெக்கார்டு நோட்டுல இருக்கறதை வரிசை மாறாம தட்டறது. உலகத்துல இருக்கற ஒரு பொருளைக்கூட அது அசைச்சதில்லை.

பையை உருவாக்கின எபன் அப்டன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பம் போடற பசங்க எண்ணிக்கையும் குறைஞ்சு, வர்றவங்களுக்கு நிரல் எழுதின அனுபவமும் குறைஞ்சு போனதைப் பாத்துத்தான் இதை ஆரம்பிச்சார். 35 டாலர் விலை, பசங்க கெடுத்தாலும் வயிறு எரியாத ஒரு பொட்டி. பேர்ல இருக்கற 'பை'யே பைத்தானை மனசுல வெச்சு வந்ததுதான். ஊசிகளை மூடி மறைக்காம வெளியில நீட்டி விட்டதும் வேணும்னே செஞ்சது. அதனால பைத்தான்ல பின்னை ஆட்டறது ஏமாத்து வேலை கிடையாது. அந்தப் பொட்டி பிறந்ததே அதுக்குத்தான்.

அதுவும் இல்லாம ரெஜிஸ்டரை நேரா தொடறதுல பெரிய ஞானம் ஒண்ணும் ஒளிஞ்சிருக்கல. பழைய பையோட சிப்புல ஒவ்வொரு பின்னுக்கும் மூணு பிட், பத்துப் பின்னுக்கு ஒரு ரெஜிஸ்டர். அதுல இது இன்புட், இது அவுட்புட்னு எழுதணும். ஒரு தடவை செஞ்சு பாக்கலாம், ஜாலியா இருக்கும். ஆனா அந்த ரெஜிஸ்டர் உக்காந்திருந்த முகவரி பை 1-ல ஒண்ணு, 2-லயும் 3-லயும் வேற, 4-ல இன்னொண்ணு. வீடு மாத்திக்கிட்டே இருக்கற ஆளோட அட்ரஸை மனப்பாடம் பண்றவன் புத்திசாலின்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, அப்ப சண்டை எதோட? "வேலை செய்யுதே, அப்புறம் என்ன?"ங்கற மனசோட.

என் சித்தி பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பிராஜெக்ட் 'ஸ்மார்ட் குப்பைத்தொட்டி'. கை நீட்டினா மூடி திறக்கும், நிறைஞ்சா மெசேஜ் வரும். (இந்தக் குப்பைத்தொட்டியையும் பார்வையில்லாதவங்களுக்கான கைத்தடியையும் எத்தனை பேட்ச் செஞ்சிருப்பாங்கன்னு கணக்கெடுத்தா ஊர்ல குப்பையே இருக்கக் கூடாது.) நாலு பேர் காசு போட்டு, பிராஜெக்ட் செஞ்சு தர்ற கடை ஒண்ணுல வாங்கிட்டு வந்தாங்க. ரிப்போர்ட் பைண்டிங் உள்பட. லீவுக்கு வந்தவன் எனக்குக் காட்டினான். தூரம் அளக்க எச்சி-எஸ்ஆர்04ங்கற அல்ட்ராசோனிக் சென்சார், பார்க்க ரெண்டு கண்ணு மாதிரி இருக்குமே, அது. அதோட எக்கோ கம்பி நேரா பையோட பின்னுக்குள்ள போகுது.

"டேய், இது 5 வோல்ட் சென்சார்டா. எக்கோவும் 5 வோல்ட்லதான் வரும். பையோட பின் 3.3 வோல்ட்தான் தாங்கும்."

"வேலை செய்யுதேண்ணா."

"செய்யுது. எவ்வளவு நாளைக்கு?"

"வைவா அடுத்த வாரம்ணா."

அந்தப் பதிலுக்கு மேல என்னத்த சொல்ல? தப்பு அவன்கிட்ட இல்லை. அந்தச் சென்சாருக்குத் தேவையானது ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர். 1 கிலோ ஓம் ஒண்ணு, 2 கிலோ ஓம் ஒண்ணு. தொடரா மாட்டி நடுவுலேர்ந்து கம்பி எடுத்தா 5 வோல்ட் மூணுல ரெண்டு பங்காகி 3.3 பக்கத்துல வந்து நிக்கும். பிளஸ் டூ இயற்பியல்ல மார்க் வாங்கின கணக்குதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெசிஸ்டர் வாங்கப் போற பஸ் டிக்கெட், ரெசிஸ்டரை விட விலை ஜாஸ்தி. ஆனா அந்தக் கணக்கும் இந்தக் கம்பியும் ஒண்ணுதான்னு நாலு வருஷத்துல யாரும் அவனுக்குச் சொல்லல. பைத்தான் நிரலைப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. பிழை நிரல்ல இல்லை, ஊசிக்கு வெளியில இருக்கு. அது எந்த எர்ரர் மெசேஜ்லயும் வராது.

என்னைக் கேட்டா சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஜிபிஐஓவோட பெரிய பிரயோஜனமே இதுதான். நாம பழகின உலகத்துல தப்பு பண்ணா சிவப்பு எழுத்துல கத்தும். இங்க கத்தாது. சும்மா சூடாகும்.

இப்ப மோட்டார் கதைக்கு வர்றேன். ஊர்ல எங்க வீட்டுல கீழ சம்ப், மேல டேங்க், நடுவுல 1 எச்பி மோட்டார். அம்மா குழம்பைக் கிண்டிக்கிட்டே "மோட்டார் போட்டிருக்கு, பாத்துக்கோங்க"ன்னு கத்தறதும், டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்றதும் தமிழ்நாட்டுல பொதுச் சொத்து. அதை பை வெச்சு தானா ஓட்டலாம்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் மின்வாரியத்துலயோ கம்ப்யூட்டர்லயோ வேலை பாத்தவர் இல்லை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ரெண்டே கேள்வி கேட்டார்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போய்ட்டு வந்தா என்னப்பா ஆகும்?"

அப்புறம், "உன் பொட்டி நடுவுல மக்கர் பண்ணா மோட்டார் நிக்குமா, ஓடுமா?"

நான் பாத்த எந்த வழிகாட்டியிலயும் இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லை. கேள்வியே இல்லை! ஒண்ணொண்ணா பாப்போம், ஏன்னா பதில் கொஞ்சம் சிக்கலானது.

கரண்ட் போய்ட்டு வருது. பை எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துல உங்க நிரல் பிறக்கவே இல்லை. ஆனா ஊசிகள் இருக்கு. பை 4 வரைக்குமான சிப்கள்ல, எழுந்திருக்கும்போது 0 முதல் 8 வரை இருக்கற ஜிபிஐஓக்கள் உள்ளுக்குள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா மேல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், 9 முதல் 27 வரை கீழ. மெல்லிய இழுப்புதான், சுமார் 50 கிலோ ஓம். ஆனா '1' வந்தா ஆன் ஆகற மாஸ்ஃபெட் மாதிரி ஒரு சங்கதியை 4-ம் ஜிபிஐஓவுல மாட்டி வெச்சிருந்தா, யாரும் சொல்லாமலே அது கண்ணைத் திறக்க இந்த மெல்லிய இழுப்பே போதும். 17-ல மாட்டினா அந்தத் தொல்லை இல்லை. கூடவே வெளியில ஒரு 10 கிலோ ஓமை கிரவுண்டுக்குப் போட்டுட்டா சந்தேகமே இல்லை. எந்த நம்பர் பின்னை எடுக்கறோம்ங்கறது ராசி நம்பர் சமாச்சாரம் இல்லைங்கறேன்.

அடுத்தது மக்கர். நிரல் சாகறதுல பல விதம் இருக்கு. பைத்தான்ல ஏதோ எக்சப்ஷன் வந்து விழுந்தா, ஜிபிஐஓ-ஜீரோ மாதிரி லைப்ரரி போகும்போதே பின்னை விடுவிச்சுட்டுப் போகும். நல்ல சாவு. மெமரி பத்தலைன்னு லினக்ஸே நிரலைக் கழுத்தைப் பிடிச்சுக் கொன்னா, கடைசி ஆசை நிறைவேத்தக்கூட நேரம் இருக்காது. பின் எந்த நிலையில விடப்படும்ங்கறதுக்கு உத்தரவாதம் இல்லை. இது ரெண்டையும் விட மோசம், நிரல் சாகாம உறைஞ்சு நிக்கறது. மெசேஜ் அனுப்பப் போய் நெட் பதில் சொல்லாம அங்கேயே காத்துக்கிட்டு நிக்குதுன்னு வைங்க. நிரல் உயிரோட இருக்கு, பின் '1'ல இருக்கு, மோட்டார் ஓடுது, சம்ப் காலியாகுது. தண்ணி இல்லாம ஓடற மோட்டார் எவ்வளவு நேரம் தாங்கும்னு காயில் கட்டற கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க.

வெப் சர்வர்ல இதே மாதிரி ஒரு ரிக்வெஸ்ட் உறைஞ்சா யாரோ ஒருத்தர் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணுவாங்க, அவ்வளவுதான். நாம அந்தப் பழக்கத்தோடயே வந்து பின்னைத் தொடறோம்.

இதுக்கு பைக்குள்ளயே ஒரு காவக்காரன் இருக்கான், வாட்ச்டாக். சுமார் 15 நொடிக்குள்ள நிரல் ஒரு தடவை "இருக்கேன்"னு குரல் கொடுக்கணும். கொடுக்கலைன்னா போர்டையே தூக்கி ரீபூட் பண்ணிடுவான், ஊசிகள் பழையபடி இன்புட்டுக்குத் திரும்பிடும். இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. "இருக்கேன்" சொல்ற வேலையைத் தனி திரெட்ல போட்டா, முக்கிய வேலை உறைஞ்சு கிடக்கும்போதும் அது பாட்டுக்கு "இருக்கேன் இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். ரோல் கால்ல பக்கத்துல இருக்கறவன் 'உள்ளேன் ஐயா' சொல்ற கதை. தண்ணி மட்டம் பாத்து முடிவெடுக்கற அதே சுத்துக்குள்ளதான் குரல் வரணும்.

இவ்வளவும் செஞ்சாச்சு. பின் ஒழுங்கா 0 ஆயிடுச்சு. மோட்டார் நின்னுடுச்சா?

தெரியாது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வழிகாட்டிகள்ல வர்ற நீல நிற ரிலே மேல 10 ஆம்பியர், 250 வோல்ட்னு அச்சடிச்சிருக்கும். 1 எச்பி மோட்டார்னா 746 வாட், ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தானே, தாராளமா தாங்கும்னு கணக்கு வரும். ஆனா மோட்டார் கிளம்பற அந்த ஒரு கணம் அதைப் போல பல மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில ரிலேவுக்குள்ள இருக்கற காண்டாக்ட் ரெண்டும் உருகி ஒட்டிக்கலாம். ஒட்டிக்கிட்டா முடிஞ்சது. நிரல் ஆஃப்னு சொல்லும், பின் 0 காட்டும், உங்க மொபைல்ல 'மோட்டார் நிறுத்தப்பட்டது'ன்னு பச்சை எழுத்துல மெசேஜ்கூட வரும். மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கும்.

அதனால ரிலே மோட்டாரைத் தொடக் கூடாது. ரிலே ஒரு காண்டாக்டரைத் தொடணும், காண்டாக்டர் மோட்டாரைத் தொடணும். டேங்க்ல ஒரு ஃப்ளோட் சுவிட்ச், சம்ப்புல ஒண்ணு, ரெண்டையும் அந்தக் காண்டாக்டர் காயிலோட தொடரா மாட்டணும். பை செத்தாலும், பைத்தான் உறைஞ்சாலும், நான் பெங்களூர்ல தூங்கினாலும், தண்ணி நிறைஞ்சா ஒரு பிளாஸ்டிக் பந்து மேல வந்து மோட்டாரை நிறுத்தும். அந்தப் பந்துக்கு லைப்ரரி தேவையில்லை. இதைத் தவிர, மோட்டார் கம்பியில நிஜமா கரண்ட் ஓடுதான்னு பாக்க ஒரு சென்சார் போட்டு இன்னொரு பின்ல கேக்கணும். சொன்னதைச் செஞ்சாங்களான்னு கேக்காம மெசேஜ் அனுப்பக் கூடாது.

அப்பாகிட்ட இப்படித்தான் சொன்னேன். "அப்ப உன் பொட்டி எதுக்கு? அந்தப் பந்தே போதுமே"ன்னு கேட்டார். தமிழாசிரியர் இல்லையா, நறுக்குன்னு கேப்பார் :-) நியாயமான கேள்வி. டேங்க் நிறைஞ்சா நிறுத்த பந்து போதும். எந்த நேரத்துல ஓட்டறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகுது, வழக்கமா இருபது நிமிஷத்துல நிறையற டேங்க் இன்னைக்கு ஏன் நாப்பது நிமிஷமா நிறையல, எங்கயாவது குழாய் ஒழுகுதா, இதையெல்லாம் பந்து சொல்லாது. அது பைத்தானோட வேலை. யோசிக்கறது பைத்தான், காவல் காக்கறது கம்பி. இந்தப் பிரிவினைதான் எனக்கு முக்கியமாப் படுது. 230 வோல்ட் பக்கத்து வேலை முழுசும் எலக்ட்ரீஷியன் அண்ணன் செஞ்சார், நான் டார்ச் பிடிச்சேன். அதை நானே செய்வேன்னு வீரம் காட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு விஷயம், பின் யாருக்குச் சொந்தம்ங்கறது. இதைத் தொடாம போனா பாதிக் கிணறுதான்.

பழைய லைப்ரரிகள் கெர்னலைக் கேக்காமலே நேரா ரெஜிஸ்டர் மேல போய் எழுதின. புறம்போக்கு நிலம் மாதிரி, யார் வேணும்னாலும் உள்ள போகலாம். ரெண்டு நிரல் ஒரே பின்னை ஆட்டினாலும் கேக்க ஆள் இல்லை. லினக்ஸ் பக்கம் ஃபைல் மாதிரி எழுதற பழைய வழி ஒண்ணு இருந்துச்சு. 2016-ல கெர்னல் 4.8 வந்தப்ப அது பழசுன்னு ஒதுக்கிட்டு ஜிபிஐஓசிப்ங்கற புது வழியைக் கொண்டு வந்தாங்க. இதுல கெர்னல் பட்டா போட்டுக் கொடுக்கும். ஒரு நிரல் கையில இருக்கற பின்னை இன்னொண்ணு கேட்டா, 'ஆள் இருக்கு'ன்னு திருப்பி அனுப்பும். மோட்டாரைத் தொடற பின்னுக்கு இது எவ்வளவு முக்கியம்னு சொல்லத் தேவையில்லை. நேத்து டெஸ்ட் பண்ண வெச்சிருந்த பழைய நிரல் பின்னணியில ஓடிக்கிட்டு இருக்கலாம் இல்லையா.

புறம்போக்குல வீடு கட்டினவங்க கதி 2023-ல தெரிஞ்சது. பை 5 வந்தப்ப ஊசிகளைக் கவனிக்கற பொறுப்பு முக்கிய சிப்புலேர்ந்து ஆர்பி1ங்கற தனிச் சிப்புக்குப் போயிடுச்சு. ரெஜிஸ்டர் அங்க இல்லவே இல்லை. ஊர்ல பாதி வழிகாட்டி நம்பியிருந்த ஆர்பிஐ-ஜிபிஐஓ லைப்ரரி பை 5-ல படுத்துடுச்சு. வயரிங்பையை எழுதினவர் 2019-லயே அலுத்துப் போய் நிறுத்திட்டார், அப்புறம் வேற ஆளுங்க எடுத்து நடத்த வேண்டி வந்துச்சு. ஜிபிஐஓ-ஜீரோவுல எழுதினவங்க தப்பிச்சாங்க. அது அடியில இருக்கற லைப்ரரியை மாத்திக்க வழி வெச்சிருந்ததால, மேல எழுதின நிரல் அப்படியே ஓடுச்சு. புது வழியிலயும் குளறுபடி உண்டு, மறைக்கல. பை 5-ல அந்தச் சிப்போட எண் முதல்ல 4-ஆ இருந்து, பின்னால வந்த கெர்னல்ல 0 ஆச்சு. எண்ணை நேரா நிரல்ல எழுதி வெச்சவங்க தலையைச் சொறிஞ்சாங்க.

இன்னைக்கும் பிராஜெக்ட் கடைகள்ல ஓடறது பத்து வருஷப் பழைய நிரல். பை 5 வாங்கின பையன் அதைப் போட்டு ஓடாம, போர்டே கெட்டுப் போச்சுன்னு நினைக்கறான்.

நேரத்தைப் பத்தி ஒரே வார்த்தை. டிஎச்டி11ங்கற ஈரப்பதம் அளக்கற சென்சார் 40 பிட் அனுப்பும். 26-28 மைக்ரோசெகண்ட் நீளத் துடிப்புன்னா 0, 70 மைக்ரோசெகண்ட்னா 1. அந்த இடைவெளியைப் பைத்தான்ல எண்ணிக்கிட்டு இருக்கும்போது லினக்ஸ் "கொஞ்சம் இரு, வைஃபை கூப்பிடுது"ன்னு போயிட்டு வரும். பிட் காணாமப் போகும். இது பைத்தானோட குத்தம் இல்லை, ஒரே நேரத்துல நூறு வேலை பாக்கற பொட்டியோட இயல்பு. 2021 ஜனவரியில 4 டாலருக்கு வந்த பிக்கோவுல ஆப்பரேட்டிங் சிஸ்டமே கிடையாது, அதே பைத்தானோட சின்னத் தம்பி மைக்ரோபைத்தான் ஓடும். துடிப்பை எண்ண அதை வெச்சுக்கிட்டு, முடிவெடுக்கப் பையை வெச்சுக்கலாம். ரெண்டையும் ஒரே பொட்டி தலையில கட்டாதீங்க.

காலேஜ் வைவாவுல எக்ஸ்டர்னலா போற வாய்ப்பு எனக்கு வராது. வந்தா ஒண்ணே ஒண்ணு செய்வேன். எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு வயரைப் பிடுங்குவேன். பவர் வயரோ, சென்சார் வயரோ, ஏதாவது ஒண்ணு. பிடுங்கிட்டு, "இப்ப என்ன ஆகும், சொல்லு"ன்னு கேப்பேன். சரியாச் சொன்னா முழு மார்க், கடையில வாங்கின பிராஜெக்டா இருந்தாலும் பரவாயில்லை. வாங்கினதைப் பிரிச்சுப் பாத்திருக்கான்னு அர்த்தம். சித்தி பையனுக்கு முழு மார்க் வந்துச்சு. யாரும் வயரைப் பிடுங்கல. அந்தக் குப்பைத்தொட்டி இப்ப அவன் ஹாஸ்டல் ரூம்ல நிஜக் குப்பைத்தொட்டியா இருக்காம், மூடியைக் கையாலதான் திறக்கறாங்களாம்.

கடைசியா எனக்கு ஒரு உதவி வேணும் மக்களே. பந்து நிறுத்தும், சரி. ஆனா டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு அளவா தெரிய நல்ல வழி இன்னும் கிடைக்கல. ரெண்டு கம்பியைத் தண்ணிக்குள்ள விட்டு கரண்ட் பாஸாகுதான்னு பாக்கறது மின்னாற்பகுப்புல கம்பியையே தின்னுடும், அதுவும் எங்க ஊர் உப்புத் தண்ணிக்குக் கேக்கவே வேண்டாம். அல்ட்ராசோனிக் கண்ணு மேல மூடியோட நீராவி படிஞ்சு ரெண்டு மாசத்துல உளற ஆரம்பிக்குது. யாராவது ஒரு வருஷமாவது தாங்கின ஒண்ணை வெச்சிருந்தா சொல்லுங்க. விலை கொஞ்சம் ஜாஸ்தின்னாலும் பரவாயில்லை, காயில் கட்டற செலவோட ஒப்பிட்டுப் பாத்துக்கறேன்.